முட்டி வலி என்று சொல்லி வைத்தேன்

என் முட்டிகள் இரண்டும் நல்ல முட்டிகள். ஐம்பத்தாறு வயதிலும் மிளகாய்க் காட்டில் குத்தவைத்துக் களை எடுத்துவிட்டு, தரையில் கை ஊன்றாமல் எழுந்திருப்பேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று வருடம் எங்கள் ஊரே என் முட்டிக்காகக் கவலைப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் யார் வீட்டிலிருந்தாவது தூக்குவாளியில் ஆட்டுக்கால் சூப் வந்துவிடும். பிரண்டைத் துவையல் வரும். முடக்கத்தான் கீரையை அரைத்து ஊற்றிய தோசை, வாழை இலை போட்டு மூடி, சூடு ஆறாமல் வரும். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, கொண்டுவந்தவர் பார்வை மறையும்வரை நொண்டிக்கொண்டே அடுப்படிக்குப் போவேன். சில நாள் எந்தக் கால் என்பது மறந்துபோய் மாற்றி நொண்டியதும் உண்டு.

எனக்கு இருந்தது முட்டி வலி இல்லை. வலியே இல்லை. என்னால் மலத்தை அடக்க முடியவில்லை, அவ்வளவுதான். இந்த ஒரு வரியை இப்போது கை கூசாமல் எழுதுகிறேன். ஆனால் அன்றைக்கு இதைச் சொல்வதற்குப் பதில் இரண்டு காலையும் எடுத்துவிடுங்கள் என்று டாக்டரிடம் கேட்டிருப்பேன்.

முடக்கத்தான் மூட்டுக்கு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. வயிற்றை இளக்குவதில் அது கெட்டிக்காரக் கீரை. பொய் சொன்னதற்கு வேறு தண்டனை எதுவும் தேவைப்படவில்லை. தோசையைத் தின்றால் அன்று முழுக்க வீட்டை விட்டு நகர முடியாது. நகராமல் கிடந்தால் முட்டி வலி கூடிவிட்டது என்று இன்னொரு வீட்டிலிருந்து இன்னும் ஆறு தோசை வரும்.

எங்கள் ஊர் திருப்பாலைக்குடிக் கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது, நடந்தால் ஒரு மணி நேரம். நெல்லும் குண்டு மிளகாயும் போடுகிற ஊர். ஊர்ப்புற நூலகம் ஒன்று உண்டு. அதைக் காலையில் திறந்து மதியம் பூட்டுவது என் வேலை. அங்கே புத்தகம் அலமாரி அலமாரியாக இருக்கிறது, கழிப்பறைதான் இல்லை. மாதவிடாய் நின்ற பிறகுதான் இந்தத் தொல்லை தொடங்கியது. முதலில் கொஞ்சம் கசிந்தது. பிறகு வருகிறது என்று தெரிவதற்கும் வந்துவிடுவதற்கும் நடுவில் செருப்பு மாட்டுகிற நேரம்கூடக் கிடைக்கவில்லை. நூலகத்தைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடியது எத்தனை தடவை என்று கணக்கில்லை. வாசகர் யாராவது வாசலில் நின்றால், அரசாங்கத்திலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள் என்பேன்.

வெளியூர் போவதென்றால் முந்தின நாள் மதியத்தோடு சாப்பாட்டை நிறுத்திவிடுவேன். ஜவுளிக்கடை மஞ்சள் பை ஒன்றில் மாற்று உள்பாவாடை, பழைய துணி, சோப்பு, ஒரு பாட்டில் தண்ணீர். அந்தப் பை இல்லாமல் எங்கும் போனதில்லை. திருவாடானையிலிருந்து மதுரை வரைக்கும் எந்தப் பேருந்து நிலையத்தில் கழிப்பறை எந்த மூலையில் இருக்கிறது, எதில் தாழ்ப்பாள் உண்டு, எதில் வாளி உண்டு என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் அதைத்தான் பார்த்து வைப்பேன்.

இவ்வளவையும் சமாளித்தேன். சமாளிக்க முடியாமல் போனது முளைக்கொட்டுதான்.

முளைக்கொட்டு எங்கள் அம்மனுக்கு ஆடி மாதம் எடுக்கிற திருவிழா. காப்புக் கட்டுகிற அன்று மண்சட்டியில் எருவும் மண்ணும் போட்டுப் பயறு வகைகளை விதைத்து, வெளிச்சம் படாத அறையில் வைத்து வளர்ப்போம். அதுதான் முளைப்பாரி. தினமும் சாயங்காலம் பெண்கள் எல்லாம் கூடிக் கும்மி கொட்டுவோம். பத்தாம் நாள் அவரவர் பாரியை அவரவர் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே கடலுக்குப் போய்க் கரைப்போம். இதில் விட்டுக்கொடுக்காத கட்டுப்பாடுகள் இரண்டு. விதை கொடுத்தவள்தான் பாரியை எடுக்க வேண்டும். எடுத்துவிட்டால் கடல் வரைக்கும் அது தரையைத் தொடக் கூடாது. முடியாதவள் இன்னொருத்தி தலைக்கு மாற்றலாம், கீழே மட்டும் வைக்கக் கூடாது.

அப்படிக் கீழே வைத்தவள் எங்கள் ஊரில் ஒரே ஒருத்திதான். என் நாத்தனார். என் வீட்டுக்காரருக்கு அக்காள், எனக்கு ஆறு வயது மூத்தவள், தொண்டியில் கட்டிக்கொடுத்தவள். பிறந்த ஊர்த் திருவிழாவுக்கு வருடம் தவறாமல் வந்து பாரி எடுப்பாள். கும்மிக்குப் பாட்டு எடுத்துக் கொடுக்கிறவளும் அவள்தான். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு தடவை, பாதி வழியில் இருக்கிற வேப்பமரத்தடிக்கு வந்ததும் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தவள் நின்றுவிட்டாள். இதைக் கொஞ்சம் யாரையாவது வாங்கச் சொல்லு என்றாள். எனக்கோ என் தலையில் என் பாரி. கடல் இந்தா தெரியுது, நடங்க மதினி என்று சொல்லிவிட்டு நான் பாட்டுக்கு நடந்தேன். திரும்பிப் பார்த்தால் பாரி மரத்தடியில் தரையில் இருக்கிறது, அவள் கருவேலங்காட்டுக்குள் போய்க்கொண்டிருக்கிறாள். வெகு நேரம் கழித்து வந்தவள், மயக்கம் வந்துவிட்டது என்றாள். முகம் கழுவியிருந்தாள், சேலையும் பாதி நனைந்திருந்தது.

அடுத்த வருடம் அவள் விதை கொடுக்கவில்லை. பாட்டு எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு வந்தது. நான் சும்மா இருக்கிற ஆளா? அவளை வைத்து நாலு வரி கட்டி, அவள் உட்கார்ந்திருக்கும்போதே பாடினேன்.

வேப்ப மரத்தடி வந்ததுமே – எங்க
வீட்டு மதினிக்கு என்ன வந்துச்சு
பாதி வழியிலே பாரிய வச்சவ
பச்சப் பயறுக்குப் பதில் சொல்லணும்

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நாத்தனாரைக் கேலி பண்ணிப் பாடுவது கும்மியில் எல்லா ஊரிலும் உள்ளதுதான். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் கடற்கரை போய்ச் சேர்ந்ததும் அந்த நாலு வரியைப் பாடினால்தான் பெண்கள் பாரியைக் கரைப்பார்கள் என்று ஆகிவிட்டது. எனக்கும் அதில் பெருமை. அவள் வருடாவருடம் வந்து ஓரமாக உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போவாள்.

இப்படிப்பட்ட நான், பாரியைத் தலையில் வைத்தால் ஒரு மணி நேரம் இறக்க முடியாது என்ற நிலைமையில் என்ன செய்வேன்? விதை கொடுக்கவில்லை. கும்மியில் குதித்தால் ஆபத்து என்பதால் அதற்கும் போகவில்லை; நான் கட்டிய பாட்டை மற்றவர்கள் பாடிக்கொண்டார்கள். கேட்டவர்களிடம் முட்டி வலி என்று சொல்லி வைத்தேன். பிறகு வந்தவைதான் மேலே சொன்ன தூக்குவாளிகள். அதிகம் சூப் கொடுத்துவிட்டவள் தொண்டியிலிருந்த என் நாத்தனார். மிளகு சரியாகப் போட்டு, கொழுப்பை எடுத்துவிட்டு, அவள் வைக்கிற சூப் நன்றாகவே இருக்கும்.

மாறுதல் வந்தது ஒரு செவிலியால். சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்க வீடு வீடாக வருகிற பெண். கையில் ஒரு படிவம் வைத்துக்கொண்டு வயது என்ன, உயரம் என்ன என்று கேட்டு எழுதிக்கொண்டே வந்தவள், அதே குரலில், தலையைக்கூட நிமிர்த்தாமல், ஒண்ணுக்கு ரெண்டுக்கு அடக்குவதில் சிரமம் உண்டா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் எழுதிக்கொண்டு போய்விட்டாள். மூன்று வீடு தாண்டியிருப்பாள், நான் பின்னாலேயே ஓடினேன். முட்டி வலிக்காரி ஓடுவதைத் தெருவே பார்த்தது. மூச்சு வாங்க நின்று, அந்த இல்லையை அடித்துவிட்டு உண்டு என்று போடச் சொன்னேன். அவள் ஒன்றும் கேட்காமல் அடித்து எழுதினாள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். களத்தில் காயப் போட்ட மிளகாயைக் கிளறிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் கிளறினார்.

“இதுக்குப் போயா இத்தனை சூப்பக் குடிச்ச” என்றார்.

நான் எங்கே குடித்தேன்? பாதிக்கு மேல் குடித்தவர் அவர்தான். மூன்று வருடத்தில் ஊரில் யாருடைய முட்டியாவது தேறியிருந்தால் அது அவருடையதுதான். ஆனால் மறுநாள் விடியுமுன்னே சட்டையை மாட்டிக்கொண்டு, ராமநாதபுரத்தில் டாக்டரைப் பார்க்க என்னைக் கிளப்பியவரும் அவரே.

ராமநாதபுரத்து டாக்டர் முதலில் சாப்பாட்டை மாற்றினார், மலம் இறுகுவதற்கு மாத்திரை கொடுத்தார், ஆசனவாயைச் சுருக்கிப் பிடித்துத் தளர்த்துகிற பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தார். ஒரு வேளைக்கு எத்தனை, ஒரு நாளைக்கு எத்தனை வேளை என்று சீட்டிலும் எழுதித் தந்தார். அதை நூலகத்தில் உட்கார்ந்தே செய்தேன். எதிரே ஒருவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார், நான் முகத்தை அசைக்காமல் சுருக்கிப் பிடித்து மனசுக்குள் எண்ணிக்கொண்டிருப்பேன். யாராவது புத்தகம் கேட்டால் எண்ணிக்கை தப்பிவிடும், மறுபடி முதலிலிருந்து. அந்த நாட்களில் வாசகர்களுக்கு நான் பதில் சொல்லத் தாமதித்ததற்கு இதுதான் காரணம். ஆறு மாதத்தில் கொஞ்சம் தேறியது. போதவில்லை. அவரே மதுரைக்குச் சீட்டு எழுதினார்.

மதுரை டாக்டர் பெண். என் மகள் வயது இருக்கும். பலூன் கட்டிய மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டு எவ்வளவு தாங்குகிறது என்று பார்த்தார்கள், பிறகு உள்ளேயே ஸ்கேன். பிள்ளை எதையாவது ஆயுதம் போட்டு எடுத்தார்களா என்று அவராகக் கேட்டபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. முப்பது வருடத்துக்கு முன்னால் இரண்டாவது மகனை எடுக்கும்போது தசையில் விட்ட கீறல் அந்தப் படத்தில் இன்னும் இருந்தது. அப்போது ஈடு கொடுத்த தசை, வயதான பிறகு முடியாமல் கைவிட்டிருக்கிறது. பெரிய கீறல் இல்லை, வெட்டித் தைக்க வேண்டாம், ஜெல் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார். என் வீட்டுக்காரர் புரியாமல் முழிக்க, கதவுக்கும் நிலைக்கும் நடுவில் சந்து இருந்தால் துணியைச் சுருட்டி வைக்கிறோமே, அந்த மாதிரி என்று விளக்கினார். உள்சுவரில் தோலுக்கு அடியில் நாலு இடத்தில் ஜெல்லைப் போட்டால் அந்த இடம் மேடாகும், சந்து குறையும். எல்லாருக்கும் கேட்காது, கேட்டாலும் முழுக்க நின்றுவிடும் என்று சொல்ல மாட்டேன், தேவைப்பட்டால் ஒரு மாதம் கழித்து இன்னொரு தடவை போடலாம் என்றும் சொன்னார். பூசி மெழுகாமல் பேசுகிற அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துப்போனது.

மருந்து வரவழைக்க இரண்டு வாரம் ஆனது. ஆனி மாதம் முதல் ஊசி. வயிற்றைச் சுத்தம் பண்ணிவிட்டு, இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்கள். மயக்க மருந்து இல்லை. உள்ளே அந்த இடத்தில் வலி அவ்வளவாகத் தெரியாது என்று டாக்டர் சொன்னதை நான் நம்பவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு அம்மனுக்கு ஒவ்வொன்றாக வேண்டிக்கொண்டிருந்தேன். நாலாவது வேண்டுதலுக்கு வருமுன் முடிந்துவிட்டது என்றார்கள். ஏதோ அழுத்துவது போல இருந்தது, அதற்கு மேல் ஒன்றுமில்லை. வெளியே வந்தால் என் வீட்டுக்காரர் டீயைப் பாதிகூடக் குடிக்கவில்லை. அதற்குள் எதற்கு வந்தாய், ஏதாவது மறந்துவிட்டார்களா என்று கேட்டார்.

அந்த மாதம் நன்றாகப் போயிற்று. வாரத்துக்கு நாலு நாள் என்று இருந்தது ஒரு நாள் ஆனது. வருகிறது என்று தெரிந்தால் எழுந்து, நூலகத்தைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகி, வீட்டுக்கு ஓடாமல் நடந்தே போகும் அளவுக்கு நேரம் கிடைத்தது. எனக்குத் தலை கால் புரியவில்லை. இரண்டாவது ஊசி இன்னும் போடவே இல்லை, அதற்குள் விதைப் பயறு வாங்க வந்தவர்களிடம், இந்த வருடம் நானும் எடுக்கிறேன் என்று ஒரு படி பயறை அளந்து கொடுத்துவிட்டேன். வீட்டுக்குள் வந்த பிறகுதான் செய்த காரியம் உறைத்தது. விதை கொடுத்தால் எடுத்தே ஆக வேண்டும். எடுத்தால் கடல் வரைக்கும் இறக்க முடியாது. என் நாத்தனாருக்கு நான் கட்டிய பாட்டு எனக்கே திரும்ப வந்தால் ஊர் அதை எத்தனை வருடம் பாடும் என்று எனக்குத் தெரியாதா என்ன?

இரண்டாவது ஊசிக்குக் கொடுத்த நாள் சரியாகக் காப்புக் கட்டிய மறுநாளாக வாய்த்தது. அதைவிடத் தள்ளிப் போட்டால் கடலுக்குப் போகிற நாளுக்குள் உடம்பு தயாராகாது, ஊசிக்குப் பிறகு ஒரு வாரம் பாரம் தூக்கக் கூடாது. காப்புக் கட்டிவிட்டால் எங்கள் ஊர்க்காரர் யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. கையில் காப்புக் கட்டியவர் எல்லையே தாண்டக் கூடாது, அந்த வருடம் காப்புக் கட்டியவரில் என் வீட்டுக்காரரும் ஒருத்தர். நான் தனியாகப் போய் விளக்கு வைக்குமுன் வந்துவிடுகிறேன் என்றேன். அவர் கேட்கவில்லை. தொண்டியிலிருக்கிற அக்காவுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லையே என்று நினைத்து, என் வீட்டுக்காரிக்கு மதுரையில் முட்டிக்கு ஊசி போடப் போகணும், துணைக்குப் போ என்று போன் பண்ணிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திருவாடானையில் பஸ்ஸுக்கு நின்றபோது வந்து சேர்ந்தாள். வழி முழுக்க என் முட்டியைப் பற்றியே கேட்டாள். படி ஏறினால் வலிக்குமா, இறங்கினால் வலிக்குமா, எந்த முட்டியில் ஊசி என்று. காளையார்கோவில் வரைக்கும் இடது முட்டி என்றேன், சிவகங்கை தாண்டி வலது என்று சொன்னதாக ஞாபகம். ஆஸ்பத்திரியில் எலும்பு மூட்டுப் பிரிவுக்கு எதிரே நல்ல மின்விசிறியாகப் பார்த்து அவளை உட்கார வைத்து, உள்ளே கூட்டமாக இருக்கும், இங்கேயே இருங்கள் என்று சொல்லிவிட்டு, நொண்டிக்கொண்டே திருப்பத்தைத் தாண்டி, பிறகு விறுவிறுவென்று என் இடத்துக்குப் போனேன்.

இந்தத் தடவை பயம் இல்லை. ஊசி முடிந்து, ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்து, போகலாம் என்றார்கள். எட்டாம் நாள் தலையில் பாரம் வைத்து நடக்கலாமா, கும்மி கொட்டலாமா என்று கேட்டேன். ஒரு வாரம் பாட்டு மட்டும் பாடுங்கள், அப்புறம் குதியுங்கள் என்றார் டாக்டர். சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தால், எதிர் பெஞ்சில் என் நாத்தனார் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் என் மஞ்சள் பை. அவசரத்தில் அதை அவள் பக்கத்திலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

தலைக்கு மேல் மலக்குடல் பிரிவு என்று கொட்டை எழுத்தில் போர்டு. பொய் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் பையை என்னிடம் நீட்டினாள்.

“எனக்குத் தெரியாத பையாத்தா இது? பன்னெண்டு வருசமா நானும் இதத்தான் தூக்கிக்கிட்டு அலையுறேன்.”

எனக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. புரிந்ததும் வேப்பமரத்தடி கண்முன் வந்து நின்றது. யாரையாவது வாங்கச் சொல்லு என்று அவள் கேட்டதும், கழுவிய முகமும், நனைந்த சேலையும். அன்றைக்கு அவளுக்கு வந்தது மயக்கம் இல்லை. ஒரு தலை கிடைத்திருந்தால் பாரி தரையைத் தொட்டிருக்காது. நான் வாங்கிக்கொள்ள ஆள் கூப்பிடாமல் நடந்தேன், அதோடு விடாமல் பாட்டும் கட்டினேன், பதினோரு வருடமாக ஊர் அவளை உட்கார வைத்து அதைப் பாடியும் வருகிறது. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பாட்டுக்கு என்னை மன்னிச்சிருங்க மதினி என்று மட்டும் சொன்னேன். பாட்டு நல்லாத்தான் கட்டியிருந்த என்றாள் அவள். அதைக் கேட்டு எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் இரண்டு பேரும் எங்கள் கழிப்பறை ஞானத்தை ஒப்பிட்டுக்கொண்டு வந்தோம். நான் அறியாத மூன்று இடம் அவளுக்குத் தெரிந்திருந்தது. விளக்கு வைக்குமுன் ஊர் எல்லைக்குள் வந்துவிட்டேன்.

ஒரு வாரம் கும்மியில் ஓரமாக உட்கார்ந்து பாட்டு மட்டும் எடுத்துக் கொடுத்தேன். பத்தாம் நாள் மதியம் தாண்டிப் பாரி கிளம்பியது. வெளிறிய மஞ்சளில் ஒரு முழத்துக்கு மேல் வளர்ந்து நின்ற பாரியை என் தலையில் ஏற்றிவிட்டார்கள், குலவை போட்டார்கள். பக்கத்தில் பார்த்தால் என் நாத்தனார் பாரி எதுவும் இல்லாமல் தலையில் துணி சுருட்டிய சும்மாடு மட்டும் வைத்துக்கொண்டு நடந்து வருகிறாள். என்ன இது என்று கேட்டவர்களிடம் வெயிலுக்கு என்றாள். என்னிடம் மட்டும் குனிந்து, “ஒதுங்கணும்னா சொல்லு. தல மாத்திக்குவோம்” என்றாள்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுக்கு யாரும் சொல்லாத வார்த்தை அது. நான் கண்ணாலேயே சரி என்றேன்.

வேப்பமரத்தடி வந்ததும் வயிறு ஒரு தடவை இரைந்தது. நின்றேன். பழைய நாளாக இருந்தால் அத்தோடு கதை முடிந்திருக்கும். சுருக்கிப் பிடித்து மனசுக்குள் எண்ணினேன். பத்து எண்ணுவதற்குள் அடங்கியது. இன்னும் கொஞ்சம் நின்று பார்த்தேன். ஒன்றுமில்லை. உடம்பு நான் சொன்னதைக் கேட்டது. அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோஷத்தைப் பிள்ளை பெற்றபோதுகூட நான் அனுபவித்ததில்லை, ஆயுதம் போட்டு எடுத்த பிள்ளைக்கு நிச்சயமாக இல்லை.

தல மாத்தணுமா என்று அவள் கையை நீட்டினாள். எனக்கு ஒதுங்க வேண்டாம் என்றேன். ஆனால் பாரியைத் தூக்கி அவள் சும்மாட்டில் வைத்தேன். இங்கிருந்து கடல் வரைக்கும் நீங்கள் கொண்டுவாருங்கள் என்றேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

“நடுவுல எனக்கு வந்துச்சுன்னா?”

“நான் இங்கன தான வாரேன், மதினி.”

நடந்தாள். நான் ஒரு கை தூரத்தில், தலையில் வெறும் சும்மாட்டோடு. உப்புக் காற்று முகத்தில் அடிக்கும் வரைக்கும் அப்படியே நடந்தோம். மணலில் கால் வைத்தபோது பாரி அவள் தலையில்தான் இருந்தது. அவள் ஒரு தடவைகூட மாற்றவில்லை.

கரையில் பெண்கள் வட்டம் கட்டி நின்று, வழக்கமான நாலு வரிக்காக என்னைப் பார்த்தார்கள். சிலர் அவளைப் பார்த்து இப்போதே சிரிக்க ஆரம்பித்தார்கள். நான் பாடினேன்.

வேப்ப மரத்தடி வந்ததுமே – எங்க
வீட்டு மதினியும் கூட வந்தா
பாதி வழியிலே பாரிய மாத்தவே
பக்கத்தில இன்னொரு தல வேணும்

சிரிக்கத் தயாராக இருந்தவர்கள் கைதட்டுவதை விட்டுவிட்டு நின்றார்கள். முதல் குலவை அவளுடையதுதான். பிறகு எல்லாரும் போட்டார்கள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அவளே என் பாரியைக் கரைத்தாள்.

நனைந்த சேலையோடு கரையில் நிற்கும்போது, முட்டி எந்த வீட்டுச் சூப்பில் சரியானது என்று பெண்களுக்குள் பெரிய வாக்குவாதம். என் நாத்தனாரைப் பார்த்தேன். சொல்லு என்பது போலத் தலையை ஆட்டினாள். சொன்னேன். முட்டியில் ஒன்றுமில்லை என்பதையும், எங்கே ஊசி போட்டார்கள் என்பதையும், எத்தனை என்பதையும். மூன்று வருடம் ஏமாற்றிச் சூப் குடித்ததற்கு ஒருத்தி மட்டும் கொஞ்சம் கோபப்பட்டாள்.

அந்த வாரம் நூலகத்துக்கு அதுவரை வராத நாலு பெண்கள் வந்தார்கள். புத்தகம் எடுக்கிற மாதிரி அலமாரியைப் பார்த்துக்கொண்டே, அந்த மதுரை டாக்டருக்கு எந்த பஸ்ஸில் போவது என்று கேட்டுப் போனார்கள். ஒருத்தி சமையல் புத்தகம் ஒன்றையும் எடுத்துப் போனாள், இன்னும் திருப்பித் தரவில்லை.

காப்பு அவிழ்த்த பிறகு என் நாத்தனாரை மதுரைக்கு நான் கூட்டிப் போனேன். திருவாடானையில் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு மஞ்சள் பைதான் இருந்தது. அதையும் அவள்தான் கொண்டு வந்திருந்தாள்.